திருமணப் பக்கம்

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தில்
பிறப்புகள் இருக்கின்றன, இறப்புகள் இருக்கின்றன.
நடுவில் ஒரு தாள் இல்லை.
எலி என்றார் அப்பா.
அவருடைய அப்பாவும் எலி என்றுதான் சொன்னாராம்.

தாள் வாஷிங்டனில் இருந்தது.
ஓய்வூதியக் கோப்பு, நூற்றுப் பதினோரு பக்கம்,
நகலுக்குக் கட்டணம், தபால் செலவு தனி.
மக்காச்சோளம் அறுப்பின் நடுவே
ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.
கைகூடக் கழுவாமல் பிரித்தேன்.

அசாஹெல் ட்வாம்லி. என் பாட்டனுக்குப் பாட்டன்.
ஒஹாயோ காலாட்படை.
உயரம் ஐந்தடி ஏழு. கண்கள் சாம்பல்.
மூன்று மருத்துவர்கள் மூன்று முறை
சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்கள்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை: மாதம் எட்டு டாலர்.
வலது காது கேட்காது: மேலும் இரண்டு.
இரவில் அலறி எழுவதற்கு
அட்டவணையில் விலை இல்லை.

1907இல் இறந்தார், தொழுவத்து வாசலில், பனியில்.
லவைனா விதவைப் பணத்துக்கு விண்ணப்பித்தாள்.
மணமானதற்குச் சான்று கேட்டார்கள்.
பாதிரியார் செத்திருந்தார், தேவாலயம் எரிந்திருந்தது.
வேதப்புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து அனுப்பினாள்.
"அயோவா, 1868 மே, லவைனா ஸ்டக்கி, வயது பத்தொன்பது."
ஓரத்தில் அவர் கையெழுத்து,
விரலில்லாத கையால் தாளை அழுத்திப் பிடித்து எழுதியதால்
ஒரு பக்கமாகச் சரிந்து.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
வேறொரு கையெழுத்து.

"ஐயா, நான் கெசையா ட்வாம்லி, ஒஹாயோ.
பழைய சிப்பாய்களின் பத்திரிகையில்
இறந்தவர் பட்டியலில் என் கணவர் பெயரைப் பார்த்தேன்.
1859இல் எங்களுக்கு மணமானது.
சண்டை முடிந்து எங்கள் ஊர்ப் பையன்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள்.
மூன்று நாள் நிலையத்துக்குப் போனேன்.
நான்காம் நாள் பசு கன்று போட்டது, போகவில்லை.
அன்றைக்குத்தான் வந்திருப்பாரோ என்று
நாற்பத்திரண்டு வருடம் யோசித்தேன்.
மகன் பெயர் லூதர். ஆறு வயதில் தொண்டை அடைத்துப் போய்விட்டான்.
அவர் எங்கே புதைக்கப்பட்டார்
என்று தெரிவித்தால் போதும்.
பணம் கொடுத்தால் மறுக்க மாட்டேன்."

ஏன் மேற்கே நடந்தார்?
நூற்றுப் பதினோரு பக்கத்தையும் இரண்டு முறை தேடினேன்.
கேட்கவேண்டிய ஆளிடம் யாரும் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரி ஒருவர்
லவைனாவின் சமையலறைக்கு வந்தார்.
கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சில் இருக்கிறது.

முதல் மனைவியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?
"இடி இடிக்கும் இரவுகளில் அவர் தொழுவத்தில் படுப்பார்.
நான் காப்பி கொண்டுபோவேன். அவ்வளவுதான் தெரியும்."
தூக்கத்தில் பெண்பெயர் எதையும் சொன்னதுண்டா?
"ஆண்களின் பெயர்கள். நிறைய."
கெசையா என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா?
இங்கே அதிகாரி அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்:
(சாட்சி எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.)
"எங்கள் குதிரைக்கு அந்தப் பெயர்தான்.
பதினெட்டு வருடம் இருந்தது.
சாட்டையை எடுக்கவே விடமாட்டார்."

தீர்ப்பு இரண்டு வரி.
கெசையாவுக்கு மாதம் பன்னிரண்டு டாலர்.
லவைனா மனைவி அல்ல.
ஒரே முத்திரையில் ஏழு பிள்ளைகள்
தகப்பன் இல்லாதவர்கள் ஆனார்கள்.
மூத்தவன் அன்று, என் கணக்கு சரியென்றால்,
வடக்கு வயலில் வேலி போட்டுக்கொண்டிருந்திருப்பான்.
அவனிடம் யாரும் சொல்லவில்லை.
எலி என்று சொன்னார்கள்.

கடைசிப் பக்கம் லவைனாவின் கடிதம், 1911.
"பணம் கேட்கவில்லை. அந்தத் தாளை மட்டும் திருப்பி அனுப்புங்கள்."
மேலே பென்சிலில் யாரோ: பதில் தேவையில்லை.

நகலை வேதப்புத்தகத்தில் செருகிப் பார்த்தேன்.
அளவு பொருந்தவில்லை, நழுவி விழுகிறது.
இரவு அக்கா தொலைபேசியில் கேட்டாள்,
அவ்வளவு காசு கொடுத்தாயே, என்னதான் இருந்தது?
சோளம் ஈரமாக இருக்கிறது, விலை இறங்கும் என்றேன்.
அவள் விடவில்லை.

ஒரு குதிரையைப் பற்றி இருக்கிறது என்றேன்.
நல்ல குதிரை.